தொட்டால் பேசும் சுவரொட்டி



சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியைக் காணச் சென்றிருந்தேன். மண்டபத்தின் ஒரு சுவரை நிறைத்துக்கொண்டு பெரிய படம் ஒன்று தொங்கிற்று. இரவு வானத்தின் விண்மீன் கூட்டங்களை மாணவர்கள் கருநீலத் தாளில் அழகுறத் தீட்டியிருந்தனர். ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் ரூபாய் நாணயத்தின் அளவில் ஒரு வட்டம் வரைந்து, ‘இங்கே கைபேசியை வைக்க’ என்று எழுதியிருந்தனர். நான் கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில் இருந்த வட்டத்தில் என் கைபேசியை வைத்தேன். உடனே திரையில் ஒரு முகவரி தோன்றியது. ஆவலோடு அதைத் திறந்தேன். ‘நீங்கள் தேடும் பக்கம் இல்லை’ என்ற ஒற்றை வரிதான் வந்தது.

அருகில் நின்ற மாணவரின் முகம் வாடிவிட்டது. “சென்ற வாரம்வரை நன்றாக வந்துகொண்டிருந்தது, ஐயா!” என்றார். படங்களையும் விளக்கவுரையையும் இலவசமாகக் கிடைத்த ஓர் இணைய இடத்தில் வைத்திருந்தார்களாம். தவணை முடிந்ததும் இடம் பறிபோயிற்று. சுவரொட்டி இருந்தது, அதற்குள் பொதிந்த சில்லும் பழுதின்றி இருந்தது, சொல்லவேண்டிய செய்தியை மட்டும் காணோம்.

அந்த மாணவரை நான் குறை கூறமாட்டேன். இத்தகைய சுவரொட்டிகளின் இயல்பே அப்படிப்பட்டது. அந்த இயல்பு யாது, அது எங்கே நமக்குத் துணை செய்கிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழைய சுவரொட்டியை நாம் அனைவரும் அறிவோம். தன்னிடம் உள்ள செய்தி முழுவதையும் அது முகத்திலேயே எழுதி வைத்திருக்கும். வீதியில் போகிறவர் யாராயினும் சரி, கண்ணும் எழுத்தறிவும் உடையவராயின், நின்று படித்துவிட்டுப் போகலாம். புதுவகைச் சுவரொட்டியோ தன் செய்தியில் ஒரு சிறு பகுதியைத்தான் முகத்தில் காட்டுகிறது. எஞ்சியதை, அதாவது பாட்டை, பேச்சை, அசையும் படத்தை, வரைபடத்தை, கால அட்டவணையை எல்லாம், கைபேசியைக் கொண்டுவந்து தொடுகின்றவர்க்கு மட்டும் தருகிறது. தொடுவது என்று சொன்னேனே தவிர, உண்மையில் தொடக்கூட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருங்கினாலே போதும். இம்முறைக்கு அண்மைப்புலத் தொடர்பு என்று பெயர். என்.எஃப்.சி. என்ற மூன்றெழுத்தால் உலகம் அதை அறியும். சென்னை மெட்ரோ இரயில் நிலையத்தின் வாயிலில் பயண அட்டையைக் காட்டிவிட்டு நுழைகிறீர்களே, அந்த அட்டையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சுவரொட்டியைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? மின்கலம் கிடையாது. மின்கம்பியும் கிடையாது. மெல்லிய தகட்டில் சில சுற்றுக்கள் சுற்றிய ஒரு கம்பிச்சுருள். அதன் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு, கடுகினும் சிறியதாக ஒரு சிலிக்கன் சில்லு. இவ்வளவுதான். மின்சாரமே இல்லாத இச்சில்லு எவ்வாறு விழித்தெழுந்து விடை பகர்கிறது?

இதற்கு நாம் 1831-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின் இருபுறத்திலும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுருளில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத மற்றொரு சுருளிலும் ஒரு கணம் மின்சாரம் ஓடக் கண்டார். மாறுகின்ற காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்னும் இவ்வுண்மையை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கைபேசியின் முதுகுப்புறத்தில் ஒரு சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சத்து அறுபதாயிரம் முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலத்துக்குள் சுவரொட்டியின் சுருள் அகப்பட்டதும், அதிலும் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சிறு பிச்சையைக்கொண்டு சில்லு உயிர் பெறுகிறது. பாரடேயின் இரும்பு வளையத்தை எடுத்துவிட்டு, இரண்டு சுருளையும் அருகருகே பிடித்தாற்போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் பேசுகிறவன் ஆதலால் இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மேலே சொன்ன அலைவெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 22 மீட்டர். சிற்றலை ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்ட 22 மீட்டர் வரிசை இதை அடுத்தாற்போலவே தொடங்குகிறது. அண்டை வீட்டில் குடியிருக்கும் ஒலிபரப்பு கடல் கடந்து செல்ல, இதுவோ கைச்சாண் தூரமும் தாண்டுவதில்லை. ஏன்? இங்கே அலையாகப் பரவும் ஆற்றலை நாம் பயன்படுத்தவில்லை. சுருளைச் சுற்றி நிற்கும் காந்தப்புலத்தையே பயன்படுத்துகிறோம். சுருளின் அளவைக் கடந்து அப்பால் சென்றபின், தொலைவு இரு மடங்கானால் அப்புலத்தின் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். மும்மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. ஆகவேதான் நெருங்கவேண்டியிருக்கிறது. இது குறைபாடு போலத் தோன்றினும் ஒரு நன்மையும் இதில் உண்டு. வழியே நடந்து போகிறவரின் சட்டைப்பையில் உள்ள கைபேசியைச் சுவரொட்டி கூவி அழைக்க இயலாது. விரும்பியவர் கையை நீட்டினாலொழிய உரையாடல் தொடங்காது.

சரி, விழித்த சில்லு எப்படிப் பேசுகிறது? அதற்குத் தானாகக் குரல் எழுப்பும் வலிமை இல்லை. கிணற்றில் வாளியை இறக்கியவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே வாளி நீரில் ஆழ்வதும், நிறைவதும், சுவரில் இடிப்பதும் அவருக்குக் கண்ணால் தெரியா; ஆயினும் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்குச் சுமை ஏறி இறங்குவது நன்கு தெரியும். அதுபோலச் சில்லானது தன் சுருளின் மின்சுமையை விட்டுவிட்டு ஏற்றி இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கைபேசி தன் சுருளிலேயே உணர்ந்து, ஒன்றும் சுழியுமாகப் படித்துக்கொள்கிறது. தாள், மரம், துணி, கண்ணாடி இவை குறுக்கிட்டால் தடையில்லை. உலோகச் சுவரில் ஒட்டினால்தான் தொல்லை. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் காந்தப்புலத்தை எதிர்த்து அழித்துவிடும். அத்தகைய இடங்களில் சில்லுக்கும் சுவருக்கும் நடுவே ஃபெரைட்டு என்னும் காந்தப்பொருளாலான மெல்லிய ஏட்டை வைக்கிறார்கள்.

இனி, இவ்வளவு பாடுபட்டு அந்தச் சில்லு சொல்லும் செய்தி எத்தனை பெரியது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுவரொட்டிகளில் மிகுதியாகப் பயன்படும் சில்லுகளுள் ஒன்றில், நாம் எழுதுவதற்குள்ள இடம் 144 பைட்டுகள். இக்காலக் கணினி முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். ‘வணக்கம்’ என்ற சொல்லில், இரண்டு புள்ளிகளையும் சேர்த்து, ஏழு குறிகள் உள்ளன. ஆக இருபத்தொரு பைட்டுகள். தலைப்புக் குறிப்புக்களுக்குரிய இடம் போக, அச்சில்லில் ஆறு முறை வணக்கம் சொல்லலாம். ஏழாவது வணக்கத்துக்கு இடம் இராது! ஒரு நிமிட இசையையோ வழக்கமான தரத்தில் பதிவு செய்தால் ஒன்பதரை இலட்சம் பைட்டுகளுக்கு மேல் வேண்டும். அதற்கு இத்தகைய சில்லுகள் ஆறாயிரத்துக்கும் அதிகமாகத் தேவைப்படும். அப்படியே இடம் இருந்தாலும், தொடக்க நிலை வேகமாகிய நொடிக்கு 106 கிலோபிட்டில், ஒரு நிமிடப் பாட்டைப் பெற ஒரு நிமிடத்துக்கு மேலாகக் கைபேசியைச் சுவரில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

ஆகவே, சுவரொட்டிக்குள் பாட்டும் இல்லை, படமும் இல்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரி ஒன்றுதான் இருக்கிறது. கைபேசி அந்த முகவரியைப் பெற்றுக்கொண்டு, இணையத்தின் வழியே எங்கோ உள்ள ஒரு கணினியிடம் சென்று, மற்றவற்றை வாங்கி வருகிறது. சுவரொட்டி பேசுவதாக நாம் எண்ணுகிறோம். அது வழிகாட்டிப் பலகைபோல் ஒரு திசையைக் காட்டிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது.

இந்த முகவரியை எழுதுவதற்கென்று உலகப் பொதுவான முறை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் 2004-ஆம் ஆண்டில் என்.எஃப்.சி. ஃபோரம் என்ற மன்றத்தைத் தோற்றுவித்தன. 2006-இல் அம்மன்றம் இவ்வகைச் சுவரொட்டிக்கென்றே ஓர் எழுத்துமுறையை வெளியிட்டது. முகவரி இன்னது, அதற்குத் தலைப்பு இன்னது, அத்தலைப்பு வெவ்வேறு மொழிகளில் இன்னின்னது என்றெல்லாம் எழுதுவதற்கு அதில் இடம் உண்டு. இடச்சுருக்கத்துக்காக ஒரு நல்ல உபாயமும் செய்திருக்கிறார்கள். பாதுகாப்பான இணைய முகவரிகள் எல்லாவற்றின் தலையிலும் வரும் எட்டு எழுத்துக்களை முழுவதும் எழுதாமல், நான்கு என்ற ஒரே எண்ணால் குறித்துவிடலாம். நம் நாட்டில் 2013 ஜூலையோடு நின்றுபோன தந்திச் சேவையில், திருமண வாழ்த்தின் முழு வாசகத்துக்குப் பதிலாக ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பார்களே, உங்கள் தாத்தா பாட்டியரைக் கேட்டால் சொல்வார்கள். அதே தந்திரந்தான் இது.

முகவரி மட்டுமே உள்ளது என்று கண்டுகொண்டால், நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா? இருப்பவர் யார்?

முதற் கேள்விக்கு இலண்டன் நகரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 2011-ஆம் ஆண்டில் இலண்டன் அருங்காட்சியகம், நோக்கியா நிறுவனத்தோடு சேர்ந்து, தன் காட்சிக்கூடங்களில் இத்தகைய சில்லுகளை அமைத்தது. பார்வையாளர் கைபேசியை நீட்டினால், காட்சிப்பொருளைப் பற்றிய கூடுதல் விவரங்கள் திரையில் வரும். புதுமை நாடிய முயற்சிதான்; அக்காலத்தில் இவ்வசதியுள்ள கைபேசியை வைத்திருந்தவர் சிலரே எனினும், அம்முயற்சி பலருடைய கவனத்தை ஈர்த்தது. பின்னர் நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 2014-இல் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. 1976 முதல் இலண்டன் வால் என்னுமிடத்தில் இயங்கிய அருங்காட்சியகக் கட்டிடமும், வேறிடத்துக்கு மாறுவதற்காக 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இதில் யார் மீதும் பிழையில்லை. நிறுவனங்கள் மாறும், கட்டிடங்கள் மாறும். ஜெர்மனியின் இரயில்வேயும் இவ்வாறே, நிலையங்களில் தொடுபலகைகளை நட்டு, ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தொட்டால் கட்டணத்தைக் கணக்கிடும் திட்டம் ஒன்றை 2008-இல் சோதனையாகத் தொடங்கியது. எட்டாண்டுகள் கழித்து, 2016-இல், அதனை நிறுத்திவிட்டது.

நான் குறிப்பிட்ட வகைச் சில்லைச் செய்கிறவர்கள், எழுதிய செய்தி பத்தாண்டுகள் அழியாது என்று உறுதி கூறுகிறார்கள். அவ்வுறுதியை நான் ஐயுறவில்லை. ஆனால் மறுமுனையில் உள்ள கணினியைப் பத்தாண்டுகள் யார் காப்பாற்றுவார்? அதற்கான வாடகையை யார் கட்டுவார்? சில்லை விற்கிறவர் இதற்குப் பொறுப்பேற்பதில்லை. கல்லில் வெட்டிய எழுத்து கல்லோடு வாழ்ந்தது. தாளில் அச்சிட்ட எழுத்து தாளோடு வாழ்ந்தது. இச்சுவரொட்டியின் செய்தியோ வேறொருவர் செலுத்தும் மாதச் சந்தாவோடு வாழ்கிறது.

இரண்டாம் கேள்வி இன்னும் கூர்மையானது. இருப்பவர் யார்?

1945-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில், சோவியத்துச் சிறுவர் இயக்கத்தினர் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசளித்தனர். அமெரிக்க நாட்டின் முத்திரையை மரத்தில் அழகாகச் செதுக்கிய பலகை அது. தூதர் அதைத் தம் மாளிகைச் சுவரில் மாட்டி வைத்தார். ஏழாண்டுகள் அது அங்கேயே தொங்கிற்று. 1952-இல்தான் அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி ஒளிந்திருப்பது தெரியவந்தது. மின்கலம் இல்லாமையால் சோதனைகளில் எளிதில் அகப்படவில்லை. வெளியிலிருந்து வானொலி அலையை அதன்மீது பாய்ச்சும்போது மட்டும் அது விழித்து, அறையில் எழும் பேச்சைத் திரும்பிச் செல்லும் அலையில் ஏற்றி அனுப்பும். 1960-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அப்பலகையை எடுத்துவந்து எல்லோர்க்கும் காட்டினார்கள். அதைச் செய்தவர் லெவ் தெரமின். தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைப் படைத்தாரே, அவரேதான். இன்றைய சுவரொட்டிச் சில்லு அதே முறையில் இயங்குவதன்று. அது நம் பேச்சை ஒட்டுக்கேட்பதும் இல்லை. ஆயினும் பிறர் தரும் ஆற்றலால் மட்டுமே விழிக்கும் கருவி என்ற வகையில், இரண்டும் தூரத்து உறவினர். சுவரில் தொங்கும் அழகிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண் அறியாது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

சுவரொட்டிகளிலேயே இந்த ஆபத்தைக் காட்டியவர் காலின் முல்லினர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர். 2008-ஆம் ஆண்டில் அவர், அக்காலத்துக் கைபேசி ஒன்றைக்கொண்டு ஒரு செப்பிடு வித்தையை அம்பலப்படுத்தினார். சில்லில் தலைப்புக்கு ஓர் இடமும் முகவரிக்கு ஓர் இடமும் உண்டு என்று சொன்னேன் அல்லவா? தலைப்பின் இடத்திலேயே நம்பத்தக்க ஒரு முகவரியை எழுதி, உண்மையான முகவரி திரையின் கண்ணுக்குப் படாதபடி தள்ளிவிட்டால், பயன்படுத்துகிறவர் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றுக்குள் நுழைவார். பெயர்ப்பலகை வங்கியினுடையது, கதவைத் திறந்தால் கள்வர் குகை.

இதற்குப் பின் கைபேசிகள் எச்சரிக்கை பெற்றன. 2018-க்குப் பின் வந்த ஐபோன்கள் சில்லின் முகவரியைப் படித்ததும் தாமாக உள்ளே போய்விடுவதில்லை. எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பதைத் திரையில் காட்டி, நம் விரல் பட்ட பின்னரே திறக்கின்றன. அந்த ஒரு நொடியில் முகவரியை நாம் படித்துப் பார்ப்பதுதான் மிகச் சிறந்த காவல். படிக்கிறோமா? நானே பலமுறை படிக்காமல் விரலை வைத்திருக்கிறேன்.

சில்லைப் பூட்டும் வழியும் உண்டு. எழுதி முடித்தபின் ஒரு குறியை மாற்றினால், பிறகு அதில் எவரும் ஓர் எழுத்தும் மாற்ற முடியாது, எழுதியவராலும் முடியாது. இங்கே ஓர் இக்கட்டு நேர்கிறது. பூட்டாமல் விட்டால் போகிறவர் வருகிறவரெல்லாம் தங்கள் கைபேசியாலேயே முகவரியை மாற்றி எழுதிவிடலாம். பூட்டிவிட்டாலோ, முகவரி செத்துப்போனால் திருத்த இயலாது. இதிலிருந்து தப்புவதற்கு ஒரு வழி இருக்கிறது. இரவல் முகவரியைச் சில்லில் எழுதாமல், நமக்குச் சொந்தமான, நாம் நெடுநாள் காக்கக்கூடிய ஒரு முகவரியை எழுதிப் பூட்டிவிடுவது. பாட்டும் படமும் எங்கு இடம் மாறினாலும், அந்த முகவரியிலிருந்து அவ்விடத்துக்குத் திருப்பிவிடுவது. தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்துவைத்தால் கடிதம் தேடிவருகிறதல்லவா, அதைப்போல. பூட்டிய சில்லின்மேல் வேறொரு சில்லை ஒட்டி ஏமாற்றுவதைத் தடுக்க எந்தப் பூட்டாலும் ஆகாது. அதற்குச் சுவரொட்டியின் சொந்தக்காரர் அவ்வப்போது தாமே சென்று தொட்டுப் பார்க்கவேண்டியதுதான்.

இன்று கடைதோறும் காணும் கட்டம் கட்டமான கியூஆர் குறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-இல் அதை உருவாக்கியது. சில்லும் சுருளும் வேண்டா, அச்சுமை போதும். கைபேசியில் ஒளிப்படக்கருவி இருந்தால் போதும். ஆகவே சுவரொட்டி உலகில் அது முந்திக்கொண்டது. ஆனால் இருளில் அதைப் படிக்க முடியாது. குறி வைத்துப் பிடிக்கவேண்டும். பார்வையற்ற ஒருவருக்குக் குறி பார்ப்பது எப்படி இயலும்? தொடுசில்லின் மேல் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு சிறு மேட்டை அமைத்துவிட்டால், அவர் தடவிக் கண்டு, கைபேசியை வைத்து, சுவரொட்டியின் செய்தியைக் காதால் கேட்டுவிடலாம். பழைய தாள் சுவரொட்டி அவருக்கு ஒரு நாளும் செய்யாத உதவி இது. இப்புதுமையைப் பற்றி நான் கேட்ட பெருமைகளில் எனக்கு முழு மனநிறைவைத் தருவது இதுவொன்றுதான் என்று சொல்லிவிடலாம். விளம்பரக்காரர்களுக்கோ இது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

மறுபுறத்தில், கைபேசியே இல்லாதவர், இருந்தும் அதில் இணையத்துக்குப் பணம் கட்ட இயலாதவர், பழைய கருவியை வைத்திருப்பவர் இவர்களெல்லாம் உண்டு. தடுப்பூசி முகாம் என்றைக்கு, வெள்ள எச்சரிக்கை எந்த ஊருக்கு என்பன போன்ற செய்திகளைச் சில்லுக்குள் மறைத்துவைத்து, ‘தொட்டுப் பார்க்க’ என்று எழுதினால், இவர்கள் முகத்தில் கதவை அடைப்பதாகும். நாளும் இடமும் நேரமும் மையில்தான் இருக்கவேண்டும். பாட்டும் படமும் வேண்டுமானால் முகவரியில் இருக்கலாம்.

அந்தக் கல்லூரி மாணவரிடமும் இதையே சொன்னேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. ஒரு திங்களுக்குப் பின் வேறொரு காரியமாக அங்கே சென்றபோது, அந்தக் கருநீலப் படம் நூலகத்தின் வாயிலில் மாட்டப்பட்டிருக்கக் கண்டேன். முகவரிகளைக் கல்லூரியின் சொந்த இணையதளத்துக்கு மாற்றியிருந்தார்கள். கார்த்திகையின் வட்டத்துக்குக் கீழே வெள்ளை மையில் மூன்று சிறு வரிகள் புதிதாக இருந்தன: ‘வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீன்கள். தொலைநோக்கிக்குப் பல நூறு. தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டு.’ கைபேசி என் பையில்தான் இருந்தது. அதை எடுக்காமலே படித்துவிட்டு உள்ளே போனேன்.